பாத்திமா பீவியைத் தேட உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளம்: எது கிடைக்கும், எது கிடைக்காது

தமிழ்நாட்டில் பாத்திமா பீவி என்றதும் பலருக்கும் 2001 மே 14தான் நினைவுக்கு வரும். டான்சி வழக்கில் தண்டனை பெற்று, வேட்புமனுக்கள் தள்ளுபடியாகி, தேர்தலில் நிற்கவே முடியாமல் போன ஜெயலலிதாவுக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த ஆளுநர் அவர். அந்த ஒரு நாள் அவருடைய மற்ற ஐம்பது ஆண்டுகளையும் மறைத்துவிட்டது. 1989 அக்டோபர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பொறுப்பேற்றவரும் அவர்தான். அங்கே அவர் எழுதிய தீர்ப்புகளை எத்தனை பேர் படித்திருப்போம்?

இப்போது காசு கொடுக்காமல் படிக்கலாம். உச்ச நீதிமன்றமே நடத்தும் இ-எஸ்சிஆர் தளம் இருக்கிறது. ஒரு நீதிபதியின் வாழ்க்கையை அவர் எழுத்து வழியாகப் பார்க்க நினைப்பவருக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை, பாத்திமா பீவியையே வைத்துச் சோதித்துச் சொல்வதுதான் இந்த மதிப்புரை.

முதலில் தளம் என்ன என்று சுருக்கமாக. உச்ச நீதிமன்றம் 1950 முதல் தன் முக்கியத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் அதிகாரபூர்வ வெளியீட்டுக்கு சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ், சுருக்கமாக எஸ்சிஆர், என்று பெயர். வக்கீல்கள் அன்றாடம் மேற்கோள் காட்டும் எஸ்சிசி, ஏஐஆர் எல்லாம் தனியார் வெளியீடுகள். எஸ்சிஆர் தொகுதிகள் முன்பு சட்ட நூலகங்களின் அலமாரிகளில்தான் இருந்தன. 2023 ஜனவரி 2 அன்று ஏறத்தாழ 34,000 தீர்ப்புகளோடு இணையத்துக்கு வந்தன. அடுத்த ஆண்டு ஜனவரி 28 அன்று, உச்ச நீதிமன்றத்தின் 75ஆம் ஆண்டு தொடக்க விழாவில், 519 தொகுதிகளும் 36,308 வழக்குகளும் டிஜிட்டல் எஸ்சிஆர் என்ற பெயரில் திறந்துவிடப்பட்டன. கட்டணம் கிடையாது, பார் கவுன்சில் எண்ணும் கேட்பதில்லை. மாணவரும் வரலாம், நிருபரும் வரலாம், வழக்காடுபவரும் வரலாம்.

தேடும் வழிகள் ஆறு: சொல்லைக் கொடுத்துத் தேடுவது, கிடைத்த முடிவுகளுக்குள் மறுபடி தேடுவது, வழக்கு வகையும் ஆண்டும், நீதிபதி பெயர், ஆண்டும் தொகுதி எண்ணும், அமர்வில் எத்தனை நீதிபதிகள் என்பது. இந்தக் கடைசி வசதியைப் பலர் கண்டுகொள்வதில்லை. அதன் அருமை கீழே வரும்.

பாத்திமா பீவி உச்ச நீதிமன்றத்தில் இருந்த காலம் 1989 அக்டோபர் 6 முதல் 1992 ஏப்ரல் 29 வரை. மூன்று ஆண்டுகூட முழுதாக இல்லை. ஆகவே வட்டம் சின்னதுதான். இருந்தும் முதல் முறை வருகிறவர் தவறவிடும் இடங்கள் சில உண்டு.

பெயரின் எழுத்தில் தொடங்குவோம். ஆங்கிலத்தில் பத்திரிகைகள் அவர் பெயரைப் பலவிதமாக எழுதியிருக்கின்றன. நீதிமன்றப் பதிவுகளில் உள்ள எழுத்து வேறு: பாத்திமாவில் 'டி'க்கு அடுத்து 'எச்' உண்டு, பீவியில் இரண்டு 'இ'. முன்னெழுத்தான 'எம்' சில இடங்களில் பெயருக்கு முன்னும் சில இடங்களில் பின்னும் வரும். அதனால் முழுப்பெயரை ஒரே தொடராகப் போட்டுத் தேடினால் பாதி நழுவும். 'பீவி' என்பதை மட்டும் போட்டு, ஆண்டை 1989க்கும் 1992க்கும் இடையில் நிறுத்துவதே நல்ல வழி. அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் வேறு பீவி நீதிபதி இல்லை. வழக்காடியவர்களில் அந்தப் பெயர் வந்தால் கண்ணாலேயே தள்ளிவிடலாம்.

அடுத்தது தொகுதிகளின் கணக்கு. எஸ்சிஆரில் ஓர் ஆண்டின் வழக்கமான தொகுதிகளுக்குப் பிறகு 'சப்ளிமென்ட்' என்ற துணைத் தொகுதிகள் வரும். ஆண்டின் பிற்பகுதியில் சொன்ன தீர்ப்புகள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். அவர் பொறுப்பேற்றதே அக்டோபரில் என்பதால், முதல் மாதங்களைத் தேடுபவர் 1989இன் துணைத் தொகுதிகளையும் புரட்ட வேண்டும். 'தொகுதி 1, 2, 3 பார்த்தேன், ஒன்றுமில்லை' என்று திரும்புபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். நீதிபதி பெயரைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் அவர் அமர்வில் உட்கார்ந்த வழக்குகள் எல்லாம் வரும். அவர் எழுதியவை மட்டும் தனியாக வராது. உச்ச நீதிமன்றத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து விசாரித்தாலும், தீர்ப்பை வழக்கமாக ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் உடன்படுவார்கள். யார் எழுதியது என்பதை அறிய பிடிஎஃப்பைத் திறந்து, வக்கீல்களின் பெயர் வரிசை முடியும் இடத்துக்குப் போக வேண்டும். 'நீதிமன்றத்தின் தீர்ப்பை வழங்கியவர்' என்ற பொருள் தரும் ஒரு ஆங்கில வரி அங்கே இருக்கும். அதற்கு அடுத்த வரியில் பெரிய எழுத்தில் நீதிபதி பெயரும், ஜஸ்டிஸ் என்பதன் சுருக்கமான ஒரு 'ஜே'யும் இருக்கும். அதற்குக் கீழே தொடங்குவதுதான் அவர் எழுத்து.

அந்த வரிக்கு மேலே பக்கக்கணக்கில் இருப்பது ஹெட்நோட். வழக்கின் சாரம், சட்டக் கேள்வி, முடிவு எல்லாம் அழகாகச் சுருக்கித் தரப்பட்டிருக்கும். அதை எழுதியது நீதிபதி அல்லர், தொகுப்பு அலுவலகத்தின் ஆசிரியர் குழு. இதைப் படித்துவிட்டு 'பாத்திமா பீவி இப்படிச் சொன்னார்' என்று எழுதுவது கட்டுரைகளில் அடிக்கடி நடக்கும் பிழை. ஹெட்நோட்டை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். மேற்கோள் எடுப்பதென்றால் அந்த வரிக்குக் கீழேதான் எடுக்க வேண்டும்.

பழைய எஸ்சிஆர் பக்கங்களின் ஓரத்தில் ஏ முதல் எச் வரை ஆங்கில எழுத்துகள் மேலிருந்து கீழாக அச்சிட்டிருக்கும். நீதிமன்றத்தில் '974ஆம் பக்கம், டி' என்று இடம் சுட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும்போது இந்த ஓர எழுத்துகள் வரிகளுக்கு நடுவே புகுந்துகொள்ளும். ஒரு நீண்ட சொற்றொடரை அப்படியே போட்டுத் தேடி ஒன்றும் வராவிட்டால், தீர்ப்பே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். தொடரின் நடுவில் ஒரு 'சி'யோ 'எஃப்'ஓ நிற்கலாம். இரண்டு மூன்று சொற்களாகக் குறைத்துத் தேடுங்கள்.

இப்படித் தேடி முதலில் படிக்க வேண்டிய ஒன்றைச் சொல்வதானால், 1991இல் வந்த ஷெட்யூல்டு காஸ்ட் அண்ட் வீக்கர் செக்ஷன் வெல்ஃபேர் அசோசியேஷன் எதிர் கர்நாடக மாநிலம். எஸ்சிசியில் 1991ஆம் ஆண்டு இரண்டாம் தொகுதி, 604ஆம் பக்கம். கர்நாடகக் குடிசைப் பகுதிச் சட்டத்தின்கீழ் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பிறகு அதை மாற்றி, சில நிலங்களை விட்டுவிட்டு வேறொரு அறிவிக்கை கொண்டுவந்தது. அங்கே குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டாக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பாத்திமா பீவி எழுதிய பதில் நேரடியானது. ஒருவருக்குப் பாதகமாக முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதென்றால், நடுநிலையாக விசாரித்து முடிவெடுக்கும் கடமை அந்த அதிகாரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சட்டத்தில் தனியாக எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. முதல் அறிவிக்கையால் பலன் எதிர்பார்த்திருந்தவர்களைக் கேட்காமல் அதை மாற்றியது செல்லாது என்று முடிந்தது. பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்ற இயற்கை நீதி பற்றிய வழக்குகளில் இந்தத் தீர்ப்பை இன்றும் காட்டுகிறார்கள். நடை எப்படி? அலங்காரம் இல்லை, கவிதை மேற்கோள் இல்லை. நிகழ்வு, சட்டப் பிரிவு, முன்தீர்ப்புகள், முடிவு என்று போகிறது. கீழ்க்கோர்ட்டில் நாளொன்றுக்கு எத்தனையோ கட்டுகளைப் பார்த்துப் பழகியவரின் எழுத்து.

அந்தப் பழக்கம் அவருக்கு நிறையவே உண்டு. தளத்தில் கிடைக்காத பகுதி அதுதான் என்பதால் இங்கே சொல்லியாக வேண்டும். 1927 ஏப்ரல் 30 அன்று பத்தனம்திட்டையில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் அறிவியல் பட்டம், பிறகு அங்கேயே சட்டம். மகளைச் சட்டம் படிக்கவைத்த தந்தை மீரா சாகிபுக்கு முன்மாதிரி, அதே திருவிதாங்கூரில் நீதித்துறைக்குள் நுழைந்திருந்த அன்னா சாண்டி. பார் கவுன்சில் தேர்வில் முதலிடம், 1950 நவம்பர் 14 அன்று வக்கீலாகப் பதிவு, கொல்லம் கீழ்க்கோர்ட்டில் தொழில். 1958இல் முன்சீப், 1968இல் சப் ஜட்ஜ், 1972இல் தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்திரேட், 1974இல் மாவட்ட செஷன்ஸ் நீதிபதி. 1980இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 1983 ஆகஸ்ட் 4 அன்று கேரள உயர் நீதிமன்றம். அங்கே 1989 ஏப்ரல் 29 அன்று ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனவரைத்தான் ஐந்து மாதம் கழித்து டெல்லிக்கு அழைத்தார்கள்.

ஒவ்வொரு படியாக ஏறி வந்த இந்த முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரு நாள்கூட எஸ்சிஆரில் இல்லை. அது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுப்பு, அவ்வளவே. கேரள உயர் நீதிமன்றக் காலத்துக்குக் கேரளா லா டைம்ஸ் பழைய தொகுதிகளைத் தேட வேண்டும். முன்சீப் காலத் தீர்ப்புகளுக்கு எந்தத் தொகுப்பும் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் முதன்மைத் தளத்தில் முன்னாள் நீதிபதிகள் பக்கம் தனியே இருக்கிறது. பதவி விவரங்களைச் சரிபார்க்க அதை இன்னொரு ஜன்னலில் திறந்துவைத்துக்கொள்வது உத்தமம். இரண்டுக்கும் இடையே இணைப்பு கொடுத்து, நீதிபதி பெயரைத் தொட்டால் வாழ்க்கைக் குறிப்பு வரும்படி செய்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு வரம்பு. உச்ச நீதிமன்றம் சொல்லும் எல்லாமே எஸ்சிஆரில் ஏறுவதில்லை, வெளியிடத் தக்கவை என்று குறிக்கப்பட்டவை மட்டுமே ஏறும். ஒரு பக்க உத்தரவுகள், அனுமதி மறுத்துத் தள்ளியவை எல்லாம் வெளியே. ஆகவே இங்கே கிடைக்கும் பட்டியலை எண்ணி 'அவர் இத்தனை வழக்கு தீர்த்தார்' என்று எழுதிவிடக் கூடாது.

இனி ஆளுநர் பாத்திமா பீவி. 1997 ஜனவரி 25 முதல் 2001 ஜூலைத் தொடக்கம் வரை அவர் ராஜ்பவனில் இருந்தார். இந்தக் காலத்தைத் தளத்தில் அவர் பெயரைக் கொண்டு தேடிப் பயனில்லை. அரசமைப்பின் 361ஆம் பிரிவின்படி, தன் பதவிக்குரிய செயல்களுக்காக ஆளுநர் எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வழக்கின் தலைப்பிலும் அவர் இருக்க மாட்டார். உள்ளே பேசும்போதும் 'ஆளுநர்' என்ற பதவிப் பெயரைத்தான் எதிர்பார்க்கலாம். நிகழ்வையும் தேதியையும் பிடித்துத்தான் போக வேண்டும்.

இங்கேதான் அமர்வின் எண்ணிக்கை என்ற வசதி உதவுகிறது. ஆண்டு 2001, நீதிபதிகள் 5 என்று கொடுத்தால் அந்த ஆண்டின் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்புகள் மட்டும் நிற்கும். அவற்றில் செப்டம்பர் 21 தேதியிட்ட பி.ஆர். கபூர் எதிர் தமிழ்நாடு மாநிலம் எளிதாகக் கண்ணில் படும். பரூச்சா, பட்டநாயக், சபர்வால், ரூமா பால், பிரிஜேஷ் குமார் ஆகிய ஐவர். ரூமா பால் உச்ச நீதிமன்றத்தின் மூன்றாவது பெண் நீதிபதி. முதல் பெண் நீதிபதி ஆளுநராக எடுத்த முடிவு சரியா என்று ஆராய்ந்த அமர்வில் மூன்றாமவர் உட்கார்ந்திருந்தார்.

பெரும்பான்மைக் கட்சி தேர்ந்தெடுத்தவரை அழைப்பதைத் தவிர ஆளுநருக்கு வேறு வழியில்லை என்பது அங்கே வைக்கப்பட்ட வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்க 164ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு இடம் தருகிறது. அது உறுப்பினராகும் தகுதி உள்ளவருக்குத்தான் பொருந்தும். தகுதியிழந்தவரை நியமிக்க அந்தக் கதவு திறக்காது. பெரும்பான்மைக் கட்சி வழியே வெளிப்படும் மக்கள் விருப்பத்துக்கும் மேலே அரசமைப்பு நிற்கிறது. ஆளுநர் தன் விருப்புரிமையைக் கொண்டும் அதற்கு மாறாக நடக்க முடியாது என்று முடித்தது. ஆளுநர் பதில் சொல்லத் தேவையில்லை என்றாலும், பதவியில் அமர்ந்தவர் தன் தகுதியைக் காட்டியாக வேண்டும் என்ற வழியில்தான் வழக்கு நடந்தது. மூன்று நீதிபதிகளுக்காகப் பரூச்சா எழுதியது, பட்டநாயக்கும் பிரிஜேஷ் குமாரும் தனித்தனியே உடன்பட்டு எழுதியவை என்று மூன்றையும் படியுங்கள். ஹெட்நோட்டோடு நிறுத்தினால் விருப்புரிமை பற்றிய விவாதத்தின் பாதி போய்விடும்.

அந்தத் தீர்ப்பு வந்தபோது அவர் ஆளுநராக இல்லை. ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைதானதை ஒட்டி, ஆளுநரைத் திரும்பப் பெறப் பரிந்துரைப்பதென மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அவர் ராஜினாமா செய்தார். ஆந்திர ஆளுநர் ரங்கராஜன் ஜூலை 3 அன்று கூடுதல் பொறுப்பேற்றார். இதற்கெல்லாம் பழைய நாளிதழ்கள்தான் கதி, எஸ்சிஆரில் தேடாதீர்கள்.

ராஜீவ் கொலை வழக்கின் கருணை மனுக்கள் இன்னொரு சுற்றுவழி. தூக்குத் தண்டனை பெற்ற நால்வரின் மனுக்களை 1999 அக்டோபர் 27 அன்று ஆளுநர் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனையைப் பெறாமல் செய்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் நவம்பர் 25 அன்று அதை ரத்து செய்தது. 2000 ஏப்ரலில் அமைச்சரவை ஆலோசனைப்படி நளினிக்கு மட்டும் தண்டனை குறைக்கப்பட்டது, மற்ற மூவரின் மனுக்கள் மறுபடி தள்ளுபடி ஆயின. உயர் நீதிமன்ற உத்தரவு எஸ்சிஆரில் இருக்காது. ஆனால் 2014 பிப்ரவரி 18 அன்று வந்த ஸ்ரீஹரன் என்ற முருகன் எதிர் இந்திய ஒன்றியம் தீர்ப்பில் இந்தத் தேதிகள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒரு வாழ்க்கை நிகழ்வை, பதினைந்து ஆண்டு கழித்து வந்த வேறொரு தீர்ப்பின் பின்னணிப் பத்திகளில் பிடிப்பது இந்தத் தளத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை.

போட்டித் தளங்கள்? இலவசமானவற்றில் இந்தியன் கானூன்தான் ஒப்பிடத் தக்கது. தீர்ப்பை எழுதியவர் பெயரைக் கொண்டே தேட அங்கே ஒரு கட்டளை உண்டு: 'ஆத்தர்' என்று ஆங்கிலத்தில் போட்டு, முக்காற்புள்ளி வைத்து, நீதிபதி பெயரைக் கொடுக்க வேண்டும். அமர்வுக்கு 'பெஞ்ச்', தேதிக்குத் தொடக்கமும் முடிவும் தனித்தனிக் கட்டளைகள். எழுதியவரையும் உட்கார்ந்தவரையும் பிரித்துக் காட்டுவதில் அது முந்திநிற்கிறது. எஸ்சிஆர் அச்சுப் பக்கம் அப்படியே வேண்டும் என்றால் இ-எஸ்சிஆருக்குத்தான் வர வேண்டும். ஆகவே அங்கே பட்டியல் எடுத்து, இங்கே பிடிஎஃப் எடுப்பதே வேகமான முறை. எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா இரண்டும் சந்தா கட்டுபவர்களுக்கு. ஒரு நீதிபதியின் மூன்று ஆண்டுகளைப் படிக்க அந்தச் செலவு தேவையில்லை.

தமிழில் படிக்க நினைப்பவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. 2023 குடியரசு நாளில் மாநில மொழிப் பெயர்ப்புகளை வெளியிட்டபோது தமிழுக்கு 52 தீர்ப்புகள் இருந்தன. பிறகு எண்ணிக்கை கூடிவருகிறது. மென்பொருளைக் கொண்டு பெயர்த்து, மனிதர் திருத்தி வெளியிடுகிறார்கள். ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது என்ற குறிப்பு கூடவே வரும். அதை மதித்து, தமிழ்ப் பிரதியைப் புரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் அரசமைப்பு வரலாறு என்ற அளவில் பி.ஆர். கபூர் தீர்ப்பு முழுதாக நல்ல தமிழில் எல்லோர் கைக்கும் கிடைத்தாக வேண்டும்.

சில சிறு குறைகள். தேடத் தொடங்கும்போது கேப்சா குறுக்கே நிற்கும். அரசுத் தளங்களின் குலவழக்கம், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்கேன் பக்கங்களைக் கைபேசியில் படிப்பது கண்ணுக்கு வேதனை. மடிக்கணினியோ அச்சுப் பிரதியோ நல்லது.

நீதிபதி பாத்திமா பீவிக்கு இந்தத் தளம் போதும், தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆளுநருக்குப் பாதி. கொல்லம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு நின்ற இளம் வக்கீலுக்கும், மனித உரிமை ஆணையத்தின் உறுப்பினருக்கும், 2023 நவம்பர் 23 அன்று கொல்லத்தில் 96 வயதில் மறைந்து அடுத்த ஆண்டு பத்ம பூஷண் பெற்றவருக்கும் ஒன்றுமே இல்லை.

எடுத்ததைக் கட்டுரையிலோ மனுவிலோ காட்டுவதானால் ஒரு குறிப்பு. 2023 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்குப் பொது மேற்கோள் எண் தருகிறது: ஆண்டு, ஐஎன்எஸ்சி, வரிசை எண். பழைய தீர்ப்புகளுக்கும் பின்தேதியிட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். அதை முதலில் எழுதி, பக்கத்தில் எஸ்சிஆர் ஆண்டு, தொகுதி, பக்கம் மூன்றையும் போடுங்கள். துணைத் தொகுதியாக இருந்தால் 'சப்ளிமென்ட்' என்பதைக் கண்டிப்பாகச் சேருங்கள். அது விடுபட்டால் அதே ஆண்டின் அதே எண்ணுள்ள வேறொரு தொகுதியில் வேறொரு வழக்குதான் கிடைக்கும்.